கோமதி அத்தைக்காக ஒரு புல் ரிக்வெஸ்ட்

மூலக்குறியீட்டை யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று விட்டிருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் கால் வைக்க ஆசைப்பட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ', அதாவது புதியவருக்கு ஏற்ற முதல் வேலை என்று சீட்டு ஒட்டியதாகப் பார்த்து எடு. சீட்டு ஒட்டிய சூட்டோடு ஒரு மாணவர் பட்டாளமே 'எனக்குத் தாருங்கள்' என்று வந்து நிற்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஓப்பன் சோர்ஸுக்குத் திருத்தம் அனுப்பும் அக்டோபர் விழாவான ஹேக்டோபர்ஃபெஸ்ட் 2014-ல் தொடங்கி, டி-ஷர்ட் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அக்டோபர் மாதக் கூத்தைக் கேட்கவே வேண்டாம். ரீட்மீ என்னும் அறிமுகக் கோப்பில் காற்புள்ளியை நகர்த்தியே சட்டை வாங்கியவர்கள் உண்டு.

எனக்கான வேலையை அம்மாதான் கொடுத்தார்.

அம்மா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். ஹேண்ட்போனில் எல்லாப் பெயரும் தமிழில்தான் இருக்கும். நான் போட்டுக்கொடுத்த ஓப்பன் சோர்ஸ் செயலியில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு வண்ண வட்டம், அதற்குள் முதல் எழுத்து. கிள்ளான் கோமதி அத்தை, குமார் மாமா, கௌரி அக்கா, பிளம்பர் கிருஷ்ணன், நாலு பேருக்கும் வட்டத்தில் வெறும் 'க'. அம்மா கண்ணாடி போடாமல் வட்டத்தைப் பார்த்தே அழைக்கிறவர்.

"கோமதிக்கு அடிச்சா பிளம்பர் எடுக்கிறான் தம்பி. உன் கல்யாண விஷயத்தை முக்கால்வாசி அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"அவர் என்னம்மா சொன்னாரு?"

"நல்ல இடமாப் பார்த்து சீக்கிரம் முடிங்கன்னான்."

இதற்கு மேல் தாமதிக்க முடியுமா? மூலக்குறியீட்டைத் திறந்தேன். குற்றவாளி ஒரே வரி: பெயரின் முதல் 'கேரக்டரை' எடு. நமக்கு 'கோ' ஓரெழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடுக்கோ அது க ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி இன்னொன்று. செயலி முதலாவதை எடுத்துக்கொண்டு கொம்பையும் காலையும் வெட்டி எறிந்திருந்தது. எழுத்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க ஆண்ட்ராய்டிலேயே பிரேக் இட்டரேட்டர் என்று ஒன்று உண்டு. அதைக் கூப்பிட்டால் போதும், இரண்டு வரி வேலை.

இரண்டு வரிதான். ஆனால் அதற்கு முன் வழிகாட்டிக் கோப்பைப் படிக்க வேண்டும், இதே புகார் முன்பே இருக்கிறதா என்று தேட வேண்டும், நகல் எடுக்க வேண்டும், அப்புறம் முழுச் செயலியையும் என் கணினியில் கட்டிப் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்து, செயலியைக் கட்டும் கருவியான கிரேடிலை ஓடவிட்டேன். அது எதை எதையோ இறக்கிக்கொண்டே இருந்தது. ரொட்டி சானாய் ஆறி, பருப்புக் குழம்பில் ஆடை கட்டிவிட்டது. மடிக்கணினி போட்ட இரைச்சலில் பக்கத்து மேசைக்காரர் தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

ஒருவழியாகத் திருத்தத்தைப் புல் ரிக்வெஸ்டாக, அதாவது 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கையாக, அனுப்பினேன். மாற்றத்தைப் பதியும் கமிட்டின் அடியில் 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று ஒப்பமிடும் வரியும் உண்டு. அது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுகிறவர்களிடமிருந்து வந்த பழக்கம். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ், மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் கருவியை எழுதியதும் அந்தக் கெர்னலுக்காகத்தானே.

செயலியின் பராமரிப்பாளர் ஒரு ஜெர்மனிக்காரர். பதிலில் ஒரு நன்றி, ஒரு கேள்வி: "டெஸ்ட் எங்கே?" அதாவது, திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சரிபார்க்கும் சோதனை. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே பெயர்களும், அவற்றுக்கு வர வேண்டிய விடைகளும் நான்தான் தர வேண்டும். அம்மாவிடம் பெயர்கள் கேட்டேன்.

"கோமதி போடு, குமார் போடு, கௌரி போடு. ஸ்ரீதேவி சித்தி பாவம், அவளையும் போடு. சரோஜா பெரியம்மா மட்டும் வேணாம்லா. உன் அக்கா கல்யாணத்துக்கு வந்தாளா அவ?"

போடவில்லை. வீட்டில் குடியிருக்க வேண்டுமே.

டெஸ்டில் 'ஸ்ரீ' மட்டும் தகராறு செய்தது. யூனிகோடு விதி அதை 'ஸ்', 'ரீ' என்று இரண்டாகத்தான் வெட்டும். ஆக, சித்தியின் வட்டத்தில் 'ஸ்'. வாயாடிச் சித்திக்குப் பொருத்தம்தான் என்றார் அம்மா. ஜெர்மனிக்காரரோ அதைத் தனி இஷ்யூவாகப் போடச் சொல்லிவிட்டு மற்றதைச் சேர்த்துக்கொண்டார்.

"எவ்வளவு குடுத்தான்?" என்று அம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்றதும் முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், நம் வீட்டுப் பெயரெல்லாம் ஜெர்மனி வரைக்கும் போய்விட்டதாக ஒரு குரல்பதிவு போட்டார். அன்று இரவே பெரியம்மா என்னை அழைத்தார்.

"எல்லாப் பேரும் இருக்காம். என் பேரு மட்டும் இல்லையாமே, அய்யா?"

யோசித்துப் பார்த்தால் பெரியம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. டெஸ்டில் இருந்த பெயர்கள் எல்லாமே கொம்பு, கால், சுழி, புள்ளி என்று ஏதாவது ஒட்டிக்கொண்ட எழுத்தில் தொடங்குகிறவை. எதுவும் ஒட்டாத வெறும் எழுத்தில் தொடங்கும் பெயர் ஒன்றுகூட இல்லை. நாளைக்கு யாராவது அந்த வரியை மாற்றி 'சரோ' வரைக்கும் அள்ளிக்கொண்டு வந்தால் பிடிக்க ஆளில்லை. சரோஜாவை மட்டும் சேர்த்து, காரணத்தையும் எழுதி, இரண்டாவது புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன்.

"அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள், எப்படித் தோன்றியது?" என்று கேட்டார் ஜெர்மனிக்காரர்.

அது மெர்ஜ் ஆகி, செயலியில் சேர்ந்துவிட்டதைக் காட்டும் படத்தைப் பெரியம்மாவுக்குத் தனியாக அனுப்பி, குழுவில் போட வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறேன்.