500 மீட்டருக்கு நான் சொன்ன பொய்

மகளுக்கு ஆறரை வயது. 32 வாரத்திலேயே பிறந்துவிட்டவள். இரண்டு காலிலும் இறுக்கம், குதிகால் தரையில் படாது, முட்டியும் முட்டியும் உரசும். பெருமூளை வாதத்தில் ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா என்ற வகை. ஜனவரியில் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றுக்கு, அதாவது முதல் வகுப்புக்குப் போகவேண்டும். அதற்குள் நடை, சமநிலை எல்லாவற்றையும் ஒருமுறை முழுசாக அளந்துவிடலாம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

முதல் தடவை போனது வீண். தப்பு எங்களுடையதுதான். மத்தியானம் இரண்டு மணிக்கு நேரம் வாங்கிவிட்டோம். ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறியதுமே தூங்கிவிட்டாள். போதாததற்கு இறுக்கமான ஜீன்ஸ், காலைத் தாங்கிப் பிடிக்க மாட்டும் ஸ்ப்ளிண்ட் வேறு வீட்டில். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, காலை வேளையில் வரச் சொன்னார் பிசியோ. அரைக்கால் சட்டை போட்டு வாருங்கள், ஸ்ப்ளிண்ட், அப்புறம் பழைய ஷூ, அதைக் கழுவாமல் கொண்டுவாருங்கள் என்றார்.

கழுவாமல் எதற்கு என்பது அடுத்த முறை புரிந்தது. குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் ஷூவைத்தான் கவிழ்த்துப் பார்த்தார். முன்பக்க ரப்பர் தேய்ந்து துணி தெரிந்தது, இடது காலில் இன்னும் மோசம். குதிகால் பக்கம் மட்டும் கடையில் வாங்கியபடி கோடு அழியாமல் இருந்தது. நான்கு மாதமாகத் தினமும் மாட்டிவிடுகிறேன், ஒருநாளும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

பிறகு படுக்கவைத்துக் கால்களைப் பார்த்தார். கணுக்காலை வெடுக்கென்று மேலே தள்ளினால் ஓர் இடத்தில் பிடித்துக்கொள்கிறது. அதையே மெதுவாகத் தள்ளினால் இன்னும் கொஞ்சம் போகிறது. இரண்டு கோணத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டார். இடைவெளி அதிகமாக இருந்தால் பிடிப்பது தசையின் விறைப்பு, அதற்குத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி உதவலாம். இடைவெளியே இல்லையென்றால் தசையே குட்டையாகிவிட்டது என்று பொருள், ஊசியால் பெரிய பலன் இருக்காது. இத்தனை வருடத்தில் இதை யாரும் எனக்கு இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை.

அடுத்தது சமநிலை. 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 4 வரை, மொத்தம் 56. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, கீழே கிடப்பதை எடுப்பது, ஒரு சுற்றுச் சுற்றுவது. கண்ணை மூடி நிற்கச் சொன்னதற்கு ஒரு கண்ணை மட்டும் மூடினாள். ஒற்றைக் காலில் நிற்கும்போது கூட வந்திருந்த என் அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை, "ஐயோ விழுந்துடப்போறா" என்று எட்டிப் பிடித்துவிட்டார். கை பட்டால் கணக்கில் சேராது பாட்டி என்று சிரித்துக்கொண்டே மறுபடி நிற்கவைத்தார் பிசியோ. வலது காலில் மூன்று விநாடி. இடது காலில் ஒன்றுகூட இல்லை.

எழுந்து 3 மீட்டர் நடந்து, சுவரில் ஒட்டிய நட்சத்திரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்காரும் சோதனைதான் அவளுக்குப் பிடித்தது. கேட்காமலேயே நான்காம் முறையும் செய்தாள்.

இதுவரைக்கும் சரி. அப்புறம் பிசியோ என் பக்கம் திரும்பி மூன்று கேள்வி கேட்டார். வீட்டுக்குள் 5 மீட்டர், பள்ளியில் 50 மீட்டர், வெளியே 500 மீட்டர் எப்படிப் போகிறாள்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை எண் உண்டு. சக்கர நாற்காலி என்றால் 1. எதையும் பிடிக்காமல் சமதரையில் நடந்தால் 5, எந்தத் தரையிலும் நடந்தால் 6. நான் யோசிக்காமல் மூன்றுக்கும் ஐந்து என்றேன். பக்கத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "எம்ஆர்டிக்கு அப்பாதான் தூக்கிட்டுப் போவாங்க" என்றாள்.

அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. நடக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை, தினமும் என்ன நடக்கிறது என்றுதான் கேட்டேன் என்றார் பிசியோ. எங்கள் பிளாக்கிலிருந்து நிலையம் 500 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கூரை போட்ட நடைபாதைதான், படிகூடக் கிடையாது. ஆனால் பாதி வழியில் கால் பின்னும், எனக்கு வேலைக்கு நேரமாகும், தூக்கிவிடுவேன். தூக்குவதை நான் நடையில் சேர்த்ததே இல்லை.

நடை ஆய்வுக்கூடம் வேறொரு நாள். காலெல்லாம் ஒளியைப் பிரதிபலிக்கும் குட்டிக் குண்டுகளை ஒட்டினார்கள். சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள், தரைக்குள் எடை உணரும் தட்டு. தட்டு இருப்பதைக் குழந்தையிடம் சொல்லவேண்டாம், தெரிந்தால் குறிபார்த்து மிதிப்பார்கள் என்று முன்பே எச்சரித்தார்கள். வெறுங்காலோடு பல தடவை, ஸ்ப்ளிண்டோடு பல தடவை. அவளுக்கு அலுத்துப்போய் அழுதாள், பிஸ்கட் கொடுத்து முடித்தோம்.

அறிக்கையின் வரைபடங்களில் சாம்பல் நிறப் பட்டைதான் மற்றக் குழந்தைகளின் நடை, சிவப்புக் கோடு இவள். காலை முன்னே வீசும்போது முட்டி போதுமான அளவு மடங்கவில்லை, அதனால் விரல் தரையில் இழுபடுகிறது என்று எழுதியிருந்தது. ஷூவில் இருந்த அதே செய்தி.

ஜிஎம்எஃப்சிஎஸ் நிலை 2 என்று மேலே போட்டிருந்தது. பெருமூளை வாதமுள்ள குழந்தைகளை அவர்களின் இயக்கத் திறனை வைத்து வகைப்படுத்தும் முறை அது. ஐந்து நிலைகளில் இரண்டாவது, ஒன்றுதான் மிக லேசானது. பயிற்சி செய்தால் ஒன்றாகிவிடுமா என்று கேட்டேன். அது மதிப்பெண் இல்லை, பெரும்பாலும் மாறாது, இந்த நிலைக் குழந்தைக்கு என்னென்ன தேவைப்படும் என்று திட்டமிடத்தான் அது என்றார் மருத்துவர். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அறுவை சிகிச்சை இப்போதைக்கு இல்லை. கெண்டைத் தசைக்கு ஊசி, புது ஸ்ப்ளிண்ட், தூரத்துக்கு மட்டும் லேசான சக்கர நாற்காலி. கடைசியாகச் சொன்னதற்குத்தான் வீட்டில் சண்டை. நடக்கிற பிள்ளையை உட்காரவைக்கிறீர்களே என்று அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை. அதே மூன்று கேள்வி. 5, 5, 1 என்று நானே சொன்னேன். மகள் குறுக்கிட்டாள்: "தேக்கா மார்க்கெட்டுக்குள்ள மட்டும் நான் இறங்கி நடப்பேன்." அதையும் பிசியோ ஓரத்தில் எழுதிக்கொண்டார்.