ஆறாவது ஒழுங்கை

எங்கள் கல்லூரிப் பழைய மாணவியரின் இவ்வாண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த வாரத்தில், எங்கள் சமூகக்கல்வி ரீச்சர் யாழ்ப்பாணத்தில் காலமான செய்தி வந்தது. அதே வாரம், இங்கே ஒன்ராறியோவில், எங்கள் வீட்டுக்கு அப்பாலுள்ள சோள வயல்களில் எழும்பும் புதிய குடியிருப்புக்குப் பெயர் முன்மொழியுமாறு நகரசபையிலிருந்து ஒரு படிவமும் வந்தது. இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

1978 இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்தக் கரும்பலகை நினைவிருக்கும். உள்ளூராட்சிப் பாடத்தைப் புத்தகத்திலிருந்து வாசிக்கவிடாமல், குளம், சந்தை, ஆறு ஒழுங்கைகள் என்று ஒரு புதுக் குடியேற்றத்தையே ரீச்சர் வரைந்து, எங்களைக் கிராமசபை உறுப்பினர்களாக்கிப் பெயரிடச் சொன்னார். ஐந்து ஒழுங்கைகளில் அரசர்களும் புலவர்களும் வந்து அமர்ந்தார்கள். ஆறாவதற்கு, மக்கள் வாக்களித்துச் சபைக்கு அனுப்பிய ஒரு பெண்ணின் பெயர் வேண்டும் என்றார். வாய்க்காலையும் தெருவிளக்கையும் பேசச் சபைக்குப் போகிற பெண் யார் இருக்கிறார் என்று நான் கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது.

"எழும்பி நில், பிள்ளை. ஒரு பேர் சொன்னாப் பிறகு இருக்கலாம்."

பாடம் முடியும்வரை நின்றேன். அத்தனை பெண்கள் படித்த, பெண்களே படிப்பித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெயர்கூட என் வாயில் வரவில்லை என்பதே, நின்ற அவமானத்தைவிட எனக்கு உறைத்தது.

மணியடிக்கச் சற்று முன்னர் ரீச்சர் சுண்ணக்கட்டியை என் கையில் தந்து, தாம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்: மேரி ரட்ணம். அழுத்தி எழுதியதில் "ட்" இல் சுண்ணக்கட்டி முறிந்தது. 1873 இல் ஒன்ராறியோவில் பிறந்து, ரொறன்ரோவில் மருத்துவம் படித்து, 1896 இல் இலங்கைக்கு வந்து ஒரு தமிழரை மணந்தவர் அவர்; 1909 இல் தமிழ் மகளிர் சங்கத்தையும் 1930 இல் கிராமப் பெண்களுக்கான லங்கா மகிள சமித்தியையும் தொடங்கப் பாடுபட்டவர்; 1931 இல் பெண்களுக்குக் கிடைத்த வாக்குரிமைக்காக முன்நின்று போராடியவர்; 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண். சட்ட நுணுக்கம் ஒன்றின் பேரில் அந்த இடத்தை விரைவிலேயே இழந்த போதிலும் பொதுப்பணியை அவர் விடவில்லை. 1958 இல், ஆசியாவில் பொதுப்பணி செய்தோருக்கு வழங்கப்படும் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962 இல் இறக்கும்வரை இலங்கையே அவருக்கு ஊராக இருந்தது.

நான் 1986 இல் எதிர்த்திசையில் வந்தேன். ஐந்து வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டே புறப்பட்டேன். மேரி ரட்ணம் படித்த நகரத்தில் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து, அங்கேயே நரைத்தும் போனேன்.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டுடன் 2018 இல் தேர்தல் நடந்தபோது ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். "இப்ப ஆறாவது ஒழுங்கைக்குக் கனபேர் இருக்கினம்" என்றார், குரலில் மகிழ்ச்சி பொங்க. பின்னர், "நீ எப்ப பிள்ளை வாறாய்?" என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்பில் நின்றதுபோலவே அப்போதும் வாயடைத்து நின்றேன்.

புதிய குடியிருப்புகளுக்கு இங்கே பெரும்பாலும் வெட்டிய மரங்களின் பெயரையே வைக்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்து எங்கள் மண்ணுக்கு உழைத்த ஒருவரின் பெயரை, முகவரி சொல்லிப் பழகும் சிறுபிள்ளைகள் நாள்தோறும் உச்சரிக்கவேண்டும் என்பது என் ஆசை. படிவத்தில் அவர் பெயரை எழுதினேன். முன்மொழிபவர் இவரை எவ்வாறு அறிவார் என்று கேட்டிருந்த கட்டத்தில் ரீச்சரின் பெயரையும், அதன் கீழே "1978, ஒன்பதாம் வகுப்பு, மூன்றாம் பாடம்" என்றும் எழுதி அனுப்பினேன்.