கேமலின் மேல் இறக்கை

முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் விமானமான சோப்வித் கேமலின் 1/48 அளவு பிளாஸ்டிக் மாதிரியைக் கட்டத் தொடங்கியபோது, இரண்டு இறக்கைகளுக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளை நினைத்துத்தான் பயந்தேன். கடைசியில் என்னைப் படாதபாடு படுத்தியது மேல் இறக்கை.

சிறு எண்ணிக்கையில் மட்டும் அச்சில் வார்த்து விற்கப்படும் மாதிரிப் பெட்டிகளில் ஒன்று இது. பாகங்களைப் பொருத்த வழிகாட்டும் முளையும் இல்லை, குழியும் இல்லை. இறக்கைகளைத் தாங்கும் ஒவ்வொரு தாங்குகாலிலும் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய விளிம்பு படிந்திருந்தது. அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதற்கே இரண்டு மாலைப்பொழுதுகள் போயின.

1917-இல் போர்முனைக்கு வந்த இந்த விமானத்துக்குக் கேமல் (ஒட்டகம்) என்ற பெயரைத் தந்தது, விமானிக்கு முன்னால் இரு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகளின் பின்பகுதியை மூடியிருந்த திமில் போன்ற மேடு. மாதிரி கட்டுகிறவனுக்கோ அதைவிட முக்கியமான விஷயம் வேறு. கேமலின் கீழ் இறக்கை நுனியை நோக்கி மேலே சாய்ந்து செல்லும்; மேல் இறக்கை, தயாரிப்பை எளிதாக்குவதற்காக, ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை நேராகவே அமைக்கப்பட்டது. ஆகவே இரண்டுக்கும் உள்ள இடைவெளி நுனியை நெருங்க நெருங்கக் குறையும். இதனால் இறக்கை சரியாக இருக்கும்போது கோணலாகவும், கோணலாக இருக்கும்போது சரியாகவும் கண்ணுக்குத் தோன்றும்.

குறிப்புத்தாளில் சொன்னபடி, உடலின் மேல் நிற்கும் நான்கு தாங்குகால்களை முதலில் ஒட்டி, இரவு முழுவதும் காயவிட்டேன். மறுநாள் மேல் இறக்கையை வைத்துப் பார்த்தால், இடது நுனி வலது நுனியைவிட 2 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. அசல் விமானத்தின் கணக்கில் அது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்! மாதிரிப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால், ஒட்டிய இடம் பிரிந்து வருவதில்லை. பிரிக்கப் போய் ஒரு தாங்குகாலையே ஒடித்தேன். ஒடிந்த இரு முனைகளிலும் துளையிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியை உள்ளே செருகி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று.

அப்போதுதான் மேல் இறக்கையின் அந்த நேர்கோடே கைகொடுக்கும் என்று உறைத்தது. ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் இறக்கையைக் கவிழ்த்து வைத்து, முன்பின்னாக ஆடாமலிருக்க விளிம்புகளுக்கு அடியில் களிமண் உருண்டைகளைக் கொடுத்தேன். தாங்குகால்களை அதில் நட்டு, விமானத்தின் உடலைத் தலைகீழாக அதன்மேல் இறக்கினேன். உடனே பிடித்துக்கொள்ளும் சூப்பர் க்ளூவை விட்டுவிட்டு, மெதுவாகக் காயும் கெட்டிப் பசையைப் பயன்படுத்தியதால், இருபுறமும் அளவுகோல் வைத்து நகர்த்திச் சரிசெய்யச் சில நிமிடங்கள் கிடைத்தன. முதலிலேயே இப்படிச் செய்யும்படி குறிப்புத்தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கம்பிகள் பொறுமையைத்தான் கேட்டன. கீழ் இறக்கையின் அடியிலிருந்து வெளிப்புறமாக மேலே ஏறும் கம்பிகள் பறக்கும்போது இறக்கைகள் மேலே மடங்காமல் இழுத்துப் பிடிப்பவை. எதிர்த்திசையில் செல்பவை தரையில் நிற்கும்போது இறக்கைகளின் எடையைச் சுமப்பவை. இது புரிந்த பிறகு எந்த நூல் எங்கே போகிறது என்று படத்தைப் பார்க்கவே தேவைப்படவில்லை. நான் எடுத்துக்கொண்டது 0.1 மில்லிமீட்டர் நைலான் நூல். வண்ணம் பூசுவதற்கு முன்பே இட்டுவைத்த துளைகளில் சாமணத்தால் அதைக் கோத்து, ஊசிமுனையில் எடுத்த பசைத்துளியால் நிறுத்தினேன். பசையின் ஆவி முன்கண்ணாடியில் வெண்படலமாகப் படியும் என்பதால், அந்தக் கண்ணாடியைக் கடைசியில்தான் பொருத்தினேன்.

இடப்பக்கத்துக் கம்பி ஒன்று இன்னும் சற்றுத் தொய்வாகவே இருக்கிறது. அதை மாற்றுவதானால் அதற்கு முன்னால் செல்லும் நூல்களையும் சேர்த்து அறுக்க வேண்டும். இப்போதைக்கு வலப்பக்கம் தெரியும்படி அலமாரியில் திருப்பி வைத்திருக்கிறேன்.