ஊசி உண்மை, நோக்கம் பொய்

2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் அல்-கொய்தா தலைவர் பின்லேடன் ஒளிந்திருப்பதாகச் சந்தேகித்த வீட்டிலிருந்து மரபணு மாதிரியைப் பெறுவதற்காக, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ, பாகிஸ்தானிய மருத்துவர் ஷகீல் அஃப்ரீதியைக் கொண்டு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் ஒன்றை நடத்தியது. மருந்து அசல்தான். ஆனால் ஏழைகள் வாழும் பகுதியில் முதல் தவணையைப் போட்டுவிட்டு, அடுத்த தவணைக்குக் காத்திராமல் முகாமை அந்த வீடு இருந்த பகுதிக்கு மாற்றினார்கள் என்பதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

2012 ஜூனில் பாகிஸ்தானின் வடக்கு வஜீரிஸ்தான் பகுதியைச் சேர்ந்த தாலிபான் தளபதி ஒருவர், ட்ரோன் தாக்குதல்களோடு இந்த உளவையும் காரணம் காட்டிப் போலியோ சொட்டு மருந்தைத் தடைசெய்தார். அவ்வாண்டு டிசம்பரில், வீடு வீடாகச் சென்ற பணியாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சுட்டுக் கொல்லப்பட்டனர். தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்று வெள்ளை மாளிகை எழுத்தில் உறுதியளித்ததோ, 2014 மே மாதத்தில்.