ஒரு தும்மலில் பிறந்த மெட்டு

ஜூன் 14, 2025

ஜேம்ஸ் பாண்ட் படங்களின் முகப்பிசையைச் சிறுவயதிலிருந்தே கேட்டுவருகிறேன்; ஆனால் அதன் வேர் வி.எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலில் இருக்கிறது என்பதை இன்றுதான் அறிந்தேன். டிரினிடாட் இந்தியக் குடும்பத்தைப் பற்றிய அந்த நாவல் 1961இல் வெளிவந்தது. அதை இசைநாடகமாக்கும் முயற்சிக்காக லண்டன் இசையமைப்பாளர் மான்டி நார்மன் 'பேட் சைன், குட் சைன்' என்றொரு பாட்டை எழுதினார். ராசியில்லாத் தும்மலோடு பிறந்துவிட்டதாக ஒருவன் நொந்து பாடும் பாட்டு அது. நாடகம் கைவிடப்பட்டதால் பாட்டும் முடங்கிப்போயிற்று. புறப்படும் வேளையில் யாரேனும் தும்மினால், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தப் பாட்டின் துயரம் எனக்குச் சொந்தத் துயரம்போலவே பட்டது.

ஜூன் 17

முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வுக்கு இசையமைக்கும் பொறுப்பு வந்தபோது நார்மன் அந்தப் பழைய மெட்டை எடுத்து, நீண்டொலித்த ஸ்வரங்களை உடைத்து, ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து ஒலிக்கும்படி செய்தார். இன்று கிதாரில் வாசித்துப் பார்த்தேன். ஸட்ஜம் (ஸ), சதுச்ருதி ரிஷபம் (ரி), சாதாரண காந்தாரம் (க) என்ற மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே அந்தப் புகழ்பெற்ற தொடக்கம் அடங்கிவிடுகிறது.

ஜூன் 21

அந்த இசை லண்டன் பேஸ்வாட்டரில் இருந்த சி.டி.எஸ். ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது 1962ஆம் ஆண்டு இதே நாளில்தான். மெட்டுக்கு இன்னும் வலுவான வடிவம் வேண்டுமென்று தயாரிப்புத் தரப்பு கருதியதால் இசையமைப்பாளர் ஜான் பாரி அழைக்கப்பட்டார். படத்தைப் பார்க்காமலேயே அவர் இசைக்கோவையை அமைத்தார். ஊதியம் 250 பவுண்டு.

கிதார் வாசித்தவர் விக் ஃபிளிக். 1939இல் செய்யப்பட்ட தம் கிதாரில், கம்பிகளின் அதிர்வை வாங்கும் 'பிக்கப்'புக்கு அடியில் கசக்கிய சிகரெட் பெட்டி ஒன்றைச் செருகி, அதைக் கம்பிகளுக்கு நெருக்கமாக உயர்த்தினார். பிறகு கடினமான மீட்டுவில்லையால் தடித்த கீழ்ஸ்தாயிக் கம்பிகளை அழுத்தி, தாளத்தைச் சற்றே முந்திக்கொண்டு வாசித்தார். மிரட்டலும் மிடுக்கும் கலந்த அந்த உறுமல் இப்படித்தான் பிறந்தது. அதற்கு அடியில் பஞ்சமத்திலிருந்து (ப) அதற்கு அடுத்தடுத்து மேலேயுள்ள சுத்த தைவதத்துக்கும் சதுச்ருதி தைவதத்துக்கும் ஏறி, வந்த வழியே இறங்கும் நகர்வு தொடர்ந்துகொண்டேயிருக்கிறது. இருட்டில் ஒருவன் அடிமேல் அடி வைத்து வருவதுபோல அது எனக்குக் கேட்கிறது.

ஜூன் 22

இந்த மெட்டை எழுதியது உண்மையில் பாரிதான் என்று ஒரு பத்திரிகை எழுதியதை எதிர்த்து நார்மன் வழக்குத் தொடுத்தார். 2001இல் நடுவர்குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 30,000 பவுண்டு இழப்பீடும் கிடைத்தது. தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன், ஏனெனில் மெட்டு சந்தேகமின்றி அந்தத் தும்மல் பாட்டினுடையது. ஆனாலும் பித்தளைக் கருவிகள் சீறியெழும் நடுப்பகுதியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் பாரியின் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. சில பவுண்டு கூலிக்கு வாசித்துவிட்டுப் போன ஃபிளிக் 2024 நவம்பரில் காலமானார். இன்றிரவு ஆறாம் கம்பியில் அவர் வாசித்த தொடக்கத்தைப் பலமுறை வாசித்தேன். ஸ்வரங்கள் சரியாக வந்தன, அந்த அழுத்தம் இன்னும் கைவரவில்லை.