வேன் ஜன்னலுக்குத் திரை தைக்கிறேன்

ஜனவரி 6

உள்ளே படுத்துறங்க மாற்றிவரும் வேனின் சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் உள்ளே பஞ்சு அடைத்தாகிவிட்டது. ஜன்னல்கள்தான் வெறும் கண்ணாடியாக நிற்கின்றன. ஒற்றைக் கண்ணாடியில் உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தாலே சதுர மீட்டருக்குச் சுமார் 5.7 வாட் வெப்பம் கடந்து போகும். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் 85 வாட். சுவரில் பட்ட பாடெல்லாம் கண்ணாடி வழியே கரைகிறது என்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. வெயில் நாளில் இதே வழியாகத்தான் சூடு உள்ளே வரும். விடியற்காலை வெளிச்சம் முகத்தில் விழுந்து எழுப்பிவிடுவதும் இந்த ஜன்னல்களால்தான். இருட்டும் கதகதப்பும் ஒரே துணியில் கிடைக்க வேண்டும்.

ஜனவரி 7

நாள் முழுக்கக் காகிதம். பழுப்புத் தாளைக் கண்ணாடியில் ஒட்டி, சுற்றியுள்ள இரும்புச் சட்டத்தின் விளிம்பை விரலால் தடவித் தடவி வரைந்தேன். கண்ணாடியின் அளவு போதாது. திரை இரும்பின் மேல் நாலு பக்கமும் 3 செ.மீ. ஏறி உட்கார வேண்டும், தையலுக்கு இன்னும் 1.5 செ.மீ. வேண்டும். இடது ஜன்னலைத் திருப்பிப் போட்டால் வலது ஜன்னல் ஆகிவிடும் என்று நம்பக் கூடாது. வளைவு கொஞ்சம் மாறுகிறது. அதனால் ஒவ்வொரு தாளிலும் எந்த ஜன்னல், எது மேல்பக்கம், எது உட்பக்கம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 10

அடுக்குகள் முடிவாகிவிட்டன. வேனின் உட்புறம் பார்த்தபடி பிளாக்அவுட் துணி (வெளிச்சம் புகாதபடி பூச்சு பூசிய துணி), நடுவில் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு, கண்ணாடியைப் பார்த்தபடி பளபளக்கும் அலுமினியப் பூச்சுத் தாள்.

சூட்டைத் தடுப்பது பஞ்சின் இழையல்ல, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. பஞ்சை அழுத்திச் சப்பையாக்கினால் அந்தக் காற்று வெளியேறிவிடும். பளபளப்புத் தாளின் வேலை வேறு. அது கதிராக வரும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் குளிர்காலத்தில் அது கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால் பயன் இல்லை. தொட்ட இடத்தில் வெப்பம் நேராகக் கடத்தப்படும். நடுவில் சின்ன இடைவெளி வேண்டும். நம் ஜன்னல் சட்டம் கண்ணாடியைவிட உள்ளே தள்ளி இருப்பதால் அந்த இடைவெளி தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஜனவரி 12

தையல். "இந்தத் துணில குண்டூசி குத்தாத, ஒவ்வொரு ஓட்டையும் காலைல நட்சத்திரம் மாதிரி தெரியும்" என்றாள் அக்கா. வெளிச்சத்தைத் தடுப்பது துணியின் பூச்சுதான். குத்திய துளை திரும்ப மூடாது. எனவே ஊசிக்குப் பதில் கிளிப். பஞ்சு நகராமலிருக்க மெத்தையைப் போல நடுவில் கட்டம் கட்டித் தைக்கலாமா என்று யோசித்தேன். அதே காரணத்தால் வேண்டாம். சுற்றோரத்தில் மட்டும் தையல்.

பஞ்சை மட்டும் மற்ற அடுக்குகளைவிடச் சுற்றிலும் 1.5 செ.மீ. குறைத்து வெட்டி, தையல் கோட்டுக்கு உள்ளேயே நிறுத்தினேன். ஓரம் தடிக்காது, மெஷினும் திணறாது. 100 எண் ஊசி, 3.5 மி.மீ. தையல். பூச்சுத் துணி மெஷினின் அழுத்தும் பாதத்தில் ஒட்டிக்கொள்ளும். டெஃப்லான் பாதம் மாட்டியதும் வழுக்கிக்கொண்டு போனது.

ஜனவரி 15

காந்தம். நியோடைமியம் வகை, சின்னதாக இருந்தாலும் நல்ல பிடி. ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் எடை, நேராக இழுத்துப் பிரிக்கும்போது தாங்குவது. சுவரில் தொங்கும் திரை நேராக இழுப்பதில்லை, கீழே சறுக்கப் பார்க்கிறது. அதற்கு எதிரான பிடி மிகவும் குறைவு. ஆகவே எடையைத் தாங்க மேலோரத்தில் டிச் பட்டன், பக்கங்களிலும் கீழேயும் காந்தம்.

ஒவ்வொரு காந்தத்தையும் தனிப் பையாகத் தைத்துப் பூட்டினேன். இல்லாவிட்டால் எல்லாம் ஓடிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழந்தைகள் இருக்கும் வண்டியில் இந்தத் தையலை இரட்டையாகப் போட வேண்டும். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடல் சுவரின் இரு பக்கமும் ஒட்டி உயிருக்கே ஆபத்து. சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் பலம் இழக்கும் என்பதால், வெயில் படும் கண்ணாடியிலிருந்து தள்ளி இரும்பின் மேல்தான் அவற்றுக்கு இடம். அலுமினியம், ஃபைபர் உடல் உள்ள வண்டிகளுக்கு இந்த வழி உதவாது, வெல்க்ரோதான்.

ஜனவரி 18

நடுப்பகலில் எல்லாத் திரையையும் மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். கண் இருட்டுக்குப் பழகியதும் கீழோரங்களில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். வெளிச்சம் நுழையும் இடம் எல்லாம் காற்றும் நுழையும் இடம். குளிர்ந்த கண்ணாடியை ஒட்டிய காற்று கனத்துக் கீழே இறங்கி அந்த இடுக்கு வழியாக வெளியேறும். மேலிடுக்கு வழியாகச் சூடான காற்று உள்ளே இழுபடும். திரையின் பின்னால் இரவெல்லாம் இந்தச் சுற்று ஓடினால் எத்தனை தடிப் பஞ்சு வைத்தும் என்ன பயன்? எனக்கு இப்போது துணியைவிட ஓரத்தின்மேல்தான் அக்கறை. கீழே காந்தங்களை நெருக்கி, மேலோரத்தில் பட்டன்களுக்கு நடுவே ஒரு மடிப்பு நாடா சேர்த்தேன்.

ஜனவரி 19

காலையில் திரையை எடுத்தால் கண்ணாடி வியர்த்து வழிந்தது. திரை நன்றாக வேலை செய்வதன் அடையாளம் அது: உள்ளே இருக்கும் சூடு கண்ணாடிக்குப் போகாததால் கண்ணாடி முன்னைவிடக் குளிர்கிறது. 20 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 12 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும். ஓரத்தை இறுக்கியதில் வரும் ஈரக்காற்று குறையும், முழுவதும் நிற்காது. கூரைத் திறப்பைக் கொஞ்சம் திறந்தே வைக்கிறேன். அதன் மேல் எந்தத் திரையும் வராது. உள்ளே அடுப்போ ஹீட்டரோ எரிகிறபோது எல்லாவற்றையும் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும்.

காலையில் கண்ணாடியைத் துடைப்பது, திரைகளை வெயிலில் உலர்த்துவது. இரண்டையும் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஜனவரி 25

பகலில் திரைகளைச் சுருட்டி வைக்க நாடா தைத்தேன். மடித்தால் பளபளப்புத் தாள் மடிப்புக் கோட்டில் உரிய ஆரம்பிக்கும். முன் கண்ணாடித் திரை மட்டும் பட்டன் இல்லாமல், ஒரே இழுப்பில் வரும்படி இருக்கிறது. நடு இரவில் அவசரமாக வண்டியை எடுக்க நேர்ந்தால் ஓட்டுநருக்குப் பார்வை உடனே வேண்டும். பின்கதவின் இரண்டு ஜன்னல்கள் பாக்கி. காகிதம் வெட்டியாகிவிட்டது.