மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் ஒருவர் குளித்து, கோயிலில் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்கிறார். முந்தின நாள் ராத்திரி வரை தினமும் இரண்டு குவார்ட்டர். சாயங்காலத்துக்குள் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. விரதச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். மறுநாள் வலிப்பு. யாரோ ஓடிப்போய் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். மூன்றாம் நாள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டித் தட்டி விடுகிறார், செத்துப்போன அப்பாவோடு பேசுகிறார். சாமி குத்தம் என்கிறது ஊர். ஊர் ஊராக இதைப் பார்த்துவிட்டோம். சாமி குத்தமும் இல்லை, காற்றுக் கருப்பும் இல்லை. குடியை ஒரேயடியாக நிறுத்தியதால் வந்தது.

வேளாங்கண்ணிக்கு நடக்கக் காவி கட்டுகிறவருக்கும், நோன்பு பிடிக்கிறவருக்கும், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவருக்கும் இதேதான். மனவுறுதி இருந்தால் குடியை விடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தினமும் குடிக்கிறவருக்கு, அந்த மனவுறுதியோடு நிறுத்துகிற நாள்தான் உயிருக்கு ஆபத்தான நாள். ஆகவே அந்த நாளை மருத்துவரோடு கலந்து குறிக்க வேண்டும்.

மது மூளையை அமுக்கி வைக்கிறது. வருடக்கணக்காக அமுக்கினால் மூளையும் தன் பக்கத்தில் விறுவிறுப்பைக் கூட்டிக்கொண்டே போகும். பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும்போது எதிர்ப்பக்கம் திடீரென்று கையை விட்டால் இந்தப் பக்கத்து ஆட்கள் மல்லாக்க விழுவார்களே, அதுதான் நடக்கிறது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் வாந்தியும் படபடப்பும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். இதைச் சும்மா விட்டால் உயிர் போகலாம். இன்னொன்றையும் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். வருடா வருடம் மாலைக்கு நிறுத்தி, மறுபடி குடித்து, மறுபடி நிறுத்துகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் இந்த அவஸ்தை இன்னும் கடுமையாகலாம். "போன வருஷம் ஒண்ணும் ஆகலியே" என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

முதல் வேலை, ஒரு துண்டுச் சீட்டு. மருத்துவர் கேட்கப்போவதை வீட்டிலேயே எழுதிவிடுங்கள்: தினமும் எவ்வளவு, எத்தனை வருடமாக, காலையில் எழுந்ததும் நடுக்கத்துக்குக் குடிக்கிறாரா, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, இதற்குமுன் வலிப்போ குழப்பமோ வந்திருக்கிறதா, ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை, சர்க்கரை, பிரஷர், வேறு மாத்திரைகள். கணக்கில் பொய் வேண்டாம். 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, சுமார் 60 கிராம் ஆல்கஹால். 650 மில்லி ஸ்ட்ராங் பீரிலும் 40 கிராம் வரை இருக்கும். "பீர்தானே" என்று விட்டுவிட முடியாது. கடைசிக் குடியின் நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம், எந்த நாளில் என்ன வரும் என்பதை அதை வைத்துத்தான் எண்ணுவார்கள். "நிறுத்திட்டியா இல்லியா?" என்று அதட்டினால் பதில் வராது. "அண்ணே, கடைசியா எத்தனை மணிக்குக் குடிச்சீங்க?" என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்.

எங்கே போவது? ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ, மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் பார்க்க வரும் அக்காவிடமும் விசாரிக்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. கிளம்பும் முன் பேசிப்பார்க்க, மனநல உதவிக்கு டெலி மனஸ் 14416, போதை மீட்புக்கென்றே 14446. இரண்டும் கட்டணமில்லா எண்கள். ஆதார், குடும்ப அட்டை, பழைய சீட்டுகள், இரண்டு கைலி, ஒரு போர்வை, கூடவே தங்க ஒரு ஆள். கூட இருக்க ஆள் இல்லாமல் பாதியில் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். முறை வைத்துத் தங்க மச்சானையும் பங்காளியையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை திடீரென்று நிறுத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

முன்பு வலிப்போ குழப்பமோ வந்தவர், காலையிலேயே குடிக்கிறவர், காமாலை உள்ளவர், வயதானவர், சாவைப் பற்றிப் பேசுகிறவர், வீட்டில் கவனிக்க ஆள் இல்லாதவர் எல்லோரையும் உள்நோயாளியாகத்தான் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு மருத்துவர் சம்மதித்தால் வீட்டிலேயே முடியும். 7 முதல் 10 நாள் வரை, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போகும் மாத்திரை தருவார். குளோர்டயஸிபாக்சைடு அல்லது டயஸிபாம், ஈரல் கெட்டிருந்தால் பெரும்பாலும் லோரஸிபாம். அந்த அட்டை அவர் கையில் இருக்கக் கூடாது. மனைவியோ அம்மாவோ வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். மாத்திரைக்குமேல் மதுவும் குடித்தால் மூச்சு அடங்கிவிடலாம், ஆகவே குடித்திருந்தால் அந்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். 10 நாளுக்குமேல் அதே அட்டையை மருந்துக்கடையில் வாங்கித் தொடர்ந்தால் அதுவே அடுத்த பழக்கமாகிவிடும்.

குளுக்கோஸ் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "உடம்பு தளர்ந்திருக்கு, ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று பக்கத்து கிளினிக்கில் கேட்பது நம் வழக்கம். நாள்பட்டுக் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண்விழி ஒழுங்காக அசையாது, நடை தள்ளாடும், நினைவு குழம்பும். நிறுத்தி இரண்டு நாளாகியும் தள்ளாடுகிறவரைப் பார்த்து, ஒளித்து வைத்துக் குடித்துவிட்டான் என்று திட்டுகிறார்கள். அந்தச் சந்தேகத்தை விட்டு உடனே அழைத்துப் போயிருந்தால் பலருடைய நினைவைக் காப்பாற்றியிருக்கலாம். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றக் கூடாது. "டாக்டர், இவர் தினமும் குடிக்கிறவர், பி1 ஊசி போட்டாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டில் கஞ்சி, மோர், முட்டை, உப்பு சர்க்கரைக் கரைசல் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவியைத் தேடும் நேரத்தில், வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று மணி பாருங்கள். நின்றுவிட்டாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நான்கு ராத்திரி அறையில் விளக்கு எரியட்டும், நிழல் குறைந்தால் பயமும் குறையும். பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். "நீ நம்ம வீட்லதான் இருக்க, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை" என்று அடிக்கடி சொல்லுங்கள். கட்டிப்போடாதீர்கள். ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

அந்தச் சட்டம் மதுப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் உள்ளடக்கியது. தனியார் மீட்பு மையத்தைத் தேடுகிறவர்கள் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார், ராத்திரியில் செவிலியர் உண்டா, வீட்டார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். "நாங்களே நடுராத்திரி வண்டியில் வந்து தூக்கிக்கிட்டுப் போறோம்" என்கிறவர்களிடம் மட்டும் வேண்டாம். அப்படிப் போனவர் திரும்பி வந்ததும் வீட்டாரை மன்னிப்பதில்லை.

கிராமத்திலேயே சிகிச்சை முடியாது என்று சொல்கிறவர்களுக்கு மஞ்சக்குடியைக் காட்டலாம். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் போதை மீட்பு நிறுவனம், அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த மஞ்சக்குடியில் 1989இலேயே சிகிச்சை முகாம் போட்டது. குடிப்பவர்கள் 15 நாள் ஊரிலேயே தங்கினார்கள், குடும்பத்தாருக்கும் ஆலோசனை கிடைத்தது, முகாம் முடிந்த பிறகும் தேடி வந்து பார்த்தார்கள். தெரிந்த முகங்கள் சுற்றி இருந்ததுதான் அதன் பலம்.

பேருந்து நிலையச் சுவரில் "அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கலாம்" என்று ஒட்டியிருக்கும் பொடியை வாங்காதீர்கள். மருத்துவர் எழுதும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையையும் சாம்பாரில் கலக்கிறார்கள். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, பிரஷர் இறங்கி ஆள் சாயலாம். அவருக்கு விவரம் தெரிந்து, கையெழுத்துப் போட்டு, வீட்டார் முன் தினமும் விழுங்கினால் நல்ல மருந்து. மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைகூட அதன் வேலை இருக்கும். அரிஷ்டம், ஹோமியோபதிச் சொட்டு, சில இருமல் மருந்து எதுவும் அந்தச் சமயத்தில் கூடாது, அவற்றிலும் ஆல்கஹால் உண்டு. ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் வேறு வகை. டபென்டடால் போன்ற வலி மாத்திரைப் பழக்கம் இருந்தால் அதைச் சொல்லாமல் நால்ட்ரெக்ஸோன் வாங்கிவிடாதீர்கள்.

ஊர் திரும்பியதும் உடம்பு தேறிவிடும், தூக்கம் வாரக்கணக்கில் வராது. அது இயல்பு என்று முன்பே சொல்லிவைத்தால் தூக்கத்துக்காகக் குடிக்க மாட்டார். சனிக்கிழமைக் கூலியை மேஸ்திரியிடம் பேசி வீட்டுக் கணக்கில் போடச் சொல்லலாம், அவர் சம்மதத்தோடு. கெடா வெட்டு, இழவு வீடு, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மூன்றும்தான் பெரும்பாலும் வழுக்குகிற இடம். இழவுக்குப் போகாமல் இருக்க முடியாது. குடிக்காத ஒரு மாப்பிள்ளையோடு பகலில் போய், மாலையைப் போட்டு, பிணத்தை எடுத்ததும் கிளம்பிவிட வேண்டும். பக்கத்து ஊரில் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம் நடந்தால் முதல் மாதம் ஒன்றுகூட விட வேண்டாம்.

மாலை கழற்றும் நாளுக்கும் திட்டம் வேண்டும். 41 நாளோ 48 நாளோ குடிக்காமல் இருந்தவருக்கு, கழற்றியதும் "ஒரு கட்டிங் போடு சாமி" என்று நண்பர்களே நீட்டுகிறார்கள். இங்கே குருசாமியைப் போல உதவக்கூடியவர் யாருமில்லை. ஐப்பசியிலேயே அவரிடம் போய், தினமும் குடிக்கிறவர் யார் யார் என்று கேட்டு, மாலைக்கு முன்பே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மாலை கழற்றிய வாரத்தில் அடுத்த மருத்துவப் பரிசோதனையை வைத்துக்கொள்ளுங்கள். கன்னிசாமியாக வருகிறவருக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று நிபந்தனை போடும் குருசாமிகள் பெருகினால் எத்தனையோ வீட்டில் வலிப்பு வராது.

நிறுத்திய முதல் மாதம் மனம் கனத்துப்போகும். கடன், அவமானம், மனைவியின் மௌனம் எல்லாம் தெளிவாகத் தெரியத் தொடங்கும் நேரம் அது. மூன்று நான்கு வாரத்தில் தெளியாவிட்டால் மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. அதுவரை பூச்சிமருந்தையும் எலி பேஸ்ட்டையும் வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு ஊர்களில் பூச்சிமருந்தை ஊர்ப் பொதுவில் பூட்டுப் பெட்டிகளில் வைத்துப் பார்த்த முயற்சி ஒன்று நடந்தது. உங்கள் ஊரில் அது இல்லாவிட்டாலும் மோட்டார் கொட்டகையில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். மனைவிக்கும் தூக்கம் போயிருக்கும், அவரையும் அதே நாளில் மருத்துவர் முன் உட்கார வையுங்கள்.

ஒருநாள் வழுக்கிவிட்டால் பாத்திரத்தை உடைக்கவும் வேண்டாம், பேசாமல் இருக்கவும் வேண்டாம். எத்தனை நாள் குடித்தார், எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு என்று கேட்டு, மறுநாளே கிளம்புங்கள். பழைய துண்டுச் சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும், அதில் புதுத் தேதியைப் போட்டு எழுதுங்கள்.